பூமிக்குக் காய்ச்சல் – சாட்சி உண்டா?

சாலைக் கடைத்தெருவில் ஒரு பேச்சு

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்கு அருகே சாலைக் கடைத்தெரு. ஏப்ரல் மாதக் கடைசி. பகல் மணி மூன்று.

மூட்டை இறக்கும் தொழிலாளி ஒருவர் மளிகைக் கடைக்கு வந்தார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

“அண்ணாச்சி, என் பாக்கி அறுபது ரூபாய்தானே? இந்தாங்க.”

கடைக்காரர் பற்று நோட்டைப் புரட்டினார். “அறுபது இல்லை தம்பி, எண்பது. செவ்வாய்க்கிழமை பருப்பு வாங்கினாய். தேதி போட்டு எழுதியிருக்கிறேன், பார்.”

தொழிலாளி நோட்டைப் பார்த்தார். இப்போது அவருக்கு வாசிக்கத் தெரியும். “ஆமாம், மறந்துவிட்டேன்” என்று எண்பது ரூபாயைக் கொடுத்தார்.

பிறகு திண்ணையில் உட்கார்ந்தார். “என்ன வெயில் அண்ணாச்சி! முன்னெல்லாம் இப்படியா இருந்தது? இருபது மூட்டை இறக்குவதற்குள் கண்ணை இருட்டுகிறது.”

கடைக்காரர் சிரித்தார். “சித்திரையில் வெயில் அடிக்காமல் பனியா பெய்யும்? எங்க அப்பா காலத்திலும் இதே பேச்சுத்தான்.”

மீன் விற்றுவிட்டுக் கூடையுடன் திரும்பிய அம்மா ஒருவர் அங்கே நின்றார். “வெயில் மட்டுமா? கடலும் முன்ன மாதிரி இல்லை. எந்த நேரம் எப்படிப் புரளும் என்று பெரியவங்களுக்கே தெரியவில்லை. பூமியே சூடாகுதுன்னு டிவியில் சொல்றாங்க.”

“டிவியில் ஆயிரம் சொல்வாங்க அம்மா. சாட்சி உண்டா?” என்று கேட்டார் கடைக்காரர்.

அன்று மாலை தொழிலாளி தொடர்கல்வி மையத்துக்குச் சென்றார். அதே கேள்வியை அங்கே கேட்டார். ஆசிரியை அதைக் கரும்பலகையில் எழுதினார்: ‘பூமி சூடாகிறது. சாட்சி உண்டா?’

நல்ல கேள்வி. யார் சொன்னாலும் சாட்சி கேட்பது அறிவுள்ளவர் செயல். சாட்சிகளை ஒவ்வொன்றாக விசாரிப்போம்.

ஞாபகமா? எழுத்தா?

குழந்தைக்கு உடம்பு சுடுகிறது. தாய் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறாள். “காய்ச்சல்” என்கிறாள். பாட்டி தொட்டுப் பார்க்கிறாள். “லேசான சூடுதான்” என்கிறாள். யார் சொல்வது சரி? சுகாதார நிலையத்தில் நர்ஸ் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறார். ‘101 டிகிரி’ என்று அட்டையில் எழுதுகிறார். மறுநாள் மீண்டும் பார்த்து எழுதுகிறார். இப்போது காய்ச்சல் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று தெரிந்துவிடுகிறது.

பூமிக்கும் இதே முறைதான். “எங்கள் காலத்தில் குளிர்ச்சியாக இருந்தது” என்பது ஞாபகம். ஞாபகம் சில நேரம் சரியாக இருக்கும். சில நேரம் ஏமாற்றும். அறுபது ரூபாய் என்று நினைத்த பாக்கி எண்பது ரூபாயாக இருந்தது அல்லவா? எனவே எழுதி வைத்த கணக்கு வேண்டும். ஒரு நாள் கணக்குப் போதாது. பல ஆண்டுக் கணக்கு வேண்டும்.

இன்று வெயிலா, மழையா என்பது வானிலை. அது நாளுக்கு நாள் மாறும். ஓர் இடத்தின் வானிலையைச் சுமார் 30 ஆண்டுகள் பதிந்து சராசரி பார்த்தால் கிடைப்பது காலநிலை. ஒரு நாள் வெயிலை வைத்துப் பூமி சூடாகிறது என்று சொல்ல முடியாது. ஒரு நாள் குளிரை வைத்துச் சூடாகவில்லை என்றும் சொல்ல முடியாது.

அப்படிப் பல ஆண்டுக் கணக்கு எழுதியவர்கள் உண்டா? உண்டு. திருவனந்தபுரத்திலேயே உண்டு.

குன்றின் மேல் ஒரு கணக்குப்பிள்ளை வீடு

திருவனந்தபுரம் நகரின் நடுவே ஒரு குன்று இருக்கிறது. அதற்கு அப்சர்வேட்டரி ஹில்ஸ் என்று பெயர். அப்சர்வேட்டரி என்றால் வானாய்வுக்கூடம். 1837ஆம் ஆண்டில் இதை நிறுவியவர் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள். இவரைப் பாட்டு இயற்றிய மன்னராகப் பலருக்கும் தெரியும். வானத்தை அளப்பதிலும் அவருக்கு ஆர்வம் இருந்தது.

ஆய்வுக்கூடத்தின் முதல் தலைவர் ஜான் கால்டிகாட். அவர் நட்சத்திரங்களைப் பார்த்ததோடு நிற்கவில்லை. காற்றின் வெப்பத்தையும் அளந்தார். நீண்ட வெப்பமானிகளை மண்ணுக்குள் புதைத்து, மண்ணின் வெப்பத்தையும் அளந்தார்.

அவருக்குப் பின் 1852இல் ஜான் ஆலன் புரூன் பொறுப்பேற்றார். அவர் ஸ்காட்லாந்துக்காரர். நகரத்தில் அளந்தால் மட்டும் போதாது, மலை மேலும் அளக்க வேண்டும் என்று நினைத்தார். அகத்தியர் மலை 1,868 மீட்டர் உயரம். யானைகள் நடமாடும் காடு. அட்டைக்கடி. வழியே இல்லாத சரிவு. கருவிகளைத் தொழிலாளர்கள் தோளில் சுமந்து சென்றார்கள். 1855இல் அந்த மலையில் ஓர் ஆய்வுக்கூடம் எழுந்தது. மழையிலும் மேகத்திலும் உட்கார்ந்து எண்களை எழுதினார்கள். அந்தத் தொழிலாளர்களின் பெயர்கள் பெரும்பாலும் நமக்குத் தெரியாது. அவர்கள் உழைப்பு அந்த எண்களில் இருக்கிறது.

1875இல் இந்திய வானிலைத் துறை தொடங்கியது. நாடு முழுவதும் ஒரே முறையில் அளக்கும் வழக்கம் வந்தது. இன்றும் அதே குன்றில் வானிலை மையம் இருக்கிறது.

எப்படி அளக்கிறார்கள்? வெயிலில் வைத்த வெப்பமானி வெயிலையே காட்டும். காற்றின் வெப்பத்தைக் காட்டாது. அதனால் ஒரு மரப்பெட்டி செய்வார்கள். அதற்கு வெள்ளைச் சாயம் பூசுவார்கள். நான்கு பக்கமும் சாய்வான சட்டங்கள் இருக்கும். காற்று உள்ளே வரும். வெயில் வராது. தரையிலிருந்து சுமார் நான்கு அடி உயரத்தில் கருவிகள் இருக்கும். ஒரு கருவி பகலின் அதிக வெப்பத்தைக் காட்டும். மற்றொன்று இரவின் குறைந்த வெப்பத்தைக் காட்டும். உலகம் முழுவதும் ஏறக்குறைய இதே முறைதான். அதனால்தான் ஓர் ஊர்க் கணக்கை இன்னோர் ஊர்க் கணக்கோடு ஒப்பிட முடிகிறது.

கருவிகளின் தாய்

கருவி தவறானால் கணக்கும் தவறாகும். தராசு கோணலானால் எடை என்னாவது?

இதை நன்றாக அறிந்தவர் அன்னா மணி. 1918இல் கேரளத்தின் பீர்மேட்டில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். பெங்களூரில் சர் சி.வி. இராமனின் ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்தார். பெண்கள் அறிவியல் படிப்பதே அரிதாக இருந்த காலம் அது. 1948இல் வானிலைத் துறையில் சேர்ந்தார். அப்போது வானிலைக் கருவிகள் பலவும் வெளிநாட்டிலிருந்து வந்தன. அவற்றை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்று உழைத்தார். சுமார் 100 கருவிகளுக்கு வரைபடம் தயாரிக்க வழி செய்தார். வெயிலின் வலுவை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் அமைத்தார். ஒவ்வொரு கருவியும் சரியாக அளக்கிறதா என்று பார்ப்பதில் மிகவும் கண்டிப்பாக இருந்தார். 2001இல் திருவனந்தபுரத்தில் காலமானார்.

இப்படிப்பட்டவர்கள் எழுதிய கணக்கு நமக்குக் கிடைத்திருக்கிறது. இனி அதைத் திறந்து பார்ப்போம்.

முதல் சாட்சி: வெப்பமானி

நாடு முழுவதும் உள்ள நிலையங்களின் எண்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கிறார்கள். 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருக்கிறது. 1901இலிருந்து வைத்த கணக்கில் மிக வெப்பமான ஆண்டு 2024. அந்த ஆண்டு ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் வெப்ப அலை வீசியது. பச்சைப் பசேல் என்ற கேரளத்துக்கு அது அரிய அனுபவம்.

உலகக் கணக்கு என்ன சொல்கிறது? 1850 முதல் 1900 வரை இருந்த சராசரியை அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். 2011 முதல் 2020 வரையான பத்து ஆண்டுகளில் உலகம் அதைவிடச் சுமார் 1.1 டிகிரி கூடுதல் வெப்பமாக இருந்தது. 2024ஆம் ஆண்டில் அது சுமார் 1.5 டிகிரியைத் தாண்டியது. 2024 முடிந்தபோது கணக்கைப் பார்த்தார்கள். பதிவில் உள்ள மிக வெப்பமான பத்து ஆண்டுகளும் 2015 முதல் 2024 வரை வந்த ஆண்டுகளே.

“ஒரு டிகிரிக்கா இத்தனை பேச்சு?” என்று கேட்கலாம். நம் உடம்பின் சூடு 37 டிகிரி செல்சியஸ். அது 38 ஆனால் காய்ச்சல். பூமியின் கணக்கும் ஏறக்குறைய அப்படித்தான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பூமியின் வடபகுதியில் பெரும் நிலப்பரப்பைப் பனி மூடியிருந்தது. அப்போது உலகச் சராசரி வெப்பம் 5 முதல் 7 டிகிரிதான் குறைவாக இருந்தது. ஆகவே, சராசரியில் ஒரு டிகிரி என்பது சின்ன விஷயம் அல்ல.

இன்னொரு சந்தேகமும் எழும். நகரத்தில் மரங்கள் குறைந்தன. கான்கிரீட் கட்டடங்கள் கூடின. தார்ச்சாலை சூட்டைப் பிடித்து வைக்கிறது. அதனால்தானே வெப்பமானி கூடுதலாகக் காட்டுகிறது?

இது நியாயமான சந்தேகம். நகரம் தன் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பது உண்மை. எனவே, ஒரு நகரத்தின் வெப்பமானியை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கட்டடமே இல்லாத இடத்தில் சாட்சி தேட வேண்டும். கடலில் ஏது கட்டடம்?

இரண்டாம் சாட்சி: கடல்

முன்காலத்தில் கப்பல்காரர்கள் வாளியில் கடல்நீரை மொண்டு வெப்பமானியை விட்டுப் பார்த்தார்கள். எண்ணைக் கப்பல் குறிப்பேட்டில் எழுதினார்கள். இன்று உலகக் கடல்களில் சுமார் 4,000 தானியங்கி மிதவைகள் அலைகின்றன. அவற்றுக்கு ஆர்கோ என்று பெயர். ஒவ்வொரு மிதவையும் 2,000 மீட்டர் ஆழம் வரை முங்கும். மேலே வரும்போது வெப்பத்தையும் உப்பையும் அளக்கும். செயற்கைக்கோள் மூலம் செய்தி அனுப்பும். இந்தியாவும் இத்தகைய மிதவைகளைக் கடலில் விட்டிருக்கிறது.

இந்தக் கணக்கு என்ன சொல்கிறது? பூமியில் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள் போகிறது. நம்மைச் சுற்றியுள்ள இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதியில், 1951 முதல் 2015 வரை மேற்பரப்பு நீர் சுமார் 1 டிகிரி சூடானது.

நீர் சூடானால் விரியும். பால் காயும்போது பாத்திரத்தில் மட்டம் ஏறுவதைப் பார்த்திருக்கிறோம். பால் பொங்குவதற்கு வேறு காரணமும் உண்டு. ஆனால் சூட்டில் நீரும் பொதுவாக விரியும். கடலும் விரிகிறது. கூடவே, நிலத்தின் மேல் இருந்த பனி உருகிக் கடலில் சேர்கிறது. இரண்டும் சேர்ந்து 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டத்தைச் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்த்தியுள்ளன. ஏறக்குறைய ஒரு சாண். ஏற்றத்தின் வேகமும் கூடி வருகிறது.

திருவனந்தபுரம் கடற்கரைக்குப் போனால் என்ன தெரிகிறது? வலியதுறையில் 1956இல் கட்டிய கடற்பாலம் இருந்தது. 2021 மே மாதம் டவ்தே புயலின் அலைகள் மோதியதில் அது சாய்ந்தது. 2024 மார்ச்சில் இரண்டாக உடைந்தது. சங்குமுகம் கடற்கரையில் மணல் அரித்துச் சாலையே இடிந்தது. வலியதுறையில் வீடிழந்த குடும்பங்கள் சிமெண்டுக் கிடங்கில் பல ஆண்டுகள் தங்க நேர்ந்தது. துணியையும் தட்டியையும் தடுப்பாகக் கட்டி, ஒரே கூரையின் கீழ் பல அடுப்புகள் எரிந்தன.

இதற்கெல்லாம் கடல்மட்ட உயர்வு மட்டும் காரணமா? இல்லை. கடலுக்குள் கட்டும் அலைதடுப்புச் சுவர்களும் துறைமுகக் கட்டுமானங்களும் மணலின் ஓட்டத்தை மாற்றும். ஓரிடத்தில் மணல் சேரும். இன்னோரிடத்தில் அரிக்கும். எந்தக் கரையில் எது எவ்வளவு காரணம் என்பதில் வாதம் உண்டு. 2022இல் கடலோர மக்கள் பல மாதம் போராடினார்கள். உண்மையைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. எல்லாக் குற்றத்தையும் ஒருவர் மேல் சுமத்துவது சரியான விசாரணை ஆகாது. ஆனால் ஒன்று தெளிவு. கடல்மட்டம் ஒரு சாண் உயர்ந்தால், அலை அந்த ஒரு சாண் உயரத்திலிருந்துதான் கிளம்பும். கள்ளக்கடல் ஏறி வரும் நாளில், முன்பு வாசலோடு நின்ற தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும்.

புயலைப் பற்றியும் பேச வேண்டும். 2017 நவம்பர் 29 இரவு. திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களின் மீனவர்கள் பலர் கடலில் இருந்தார்கள். இலங்கைக்கு அருகே உருவான தாழ்வு மண்டலம் ஒரே நாளில் ஒக்கிப் புயலாக வலுத்தது. கரையிலிருந்து எச்சரிக்கை வந்தபோது பல படகுகள் தொலைவில் இருந்தன. நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. வாரக்கணக்கில் கடற்கரையிலேயே குடும்பங்கள் காத்துக் கிடந்தன.

ஒரு புயலைச் சாட்சியாக வைக்க முடியாது. புயல்கள் முன்பும் வந்தன. ஆனால் புயலுக்கு உணவு கடலின் சூடு. கடல் சூடாக இருந்தால் புயல் விரைவாக வலுக்கும். அரபிக்கடலில் கடும் புயல்கள் கூடியிருப்பதைப் பதிவுகள் காட்டுகின்றன. “கடல் முன்ன மாதிரி இல்லை” என்று மீன்காரம்மா சொன்னதற்குக் கணக்கும் துணை நிற்கிறது.

மூன்றாம் சாட்சி: பனி

பனிக்கு வாய் இல்லை. கட்சி இல்லை. சூடானால் உருகும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

இமயமலையில் கங்கோத்ரிப் பனியாறு இருக்கிறது. கங்கை அங்கேதான் தொடங்குகிறது. அதன் முகப்பு எங்கே இருந்தது என்று 1935ஆம் ஆண்டிலேயே அளந்து குறித்து வைத்தார்கள். அன்றிலிருந்து அது ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியிருக்கிறது. ஆல்ப்ஸ், ஆண்டிஸ் போன்ற மலைகளின் பனியாறுகளும் சுருங்குகின்றன. வடதுருவக் கடலில் கோடைக்காலப் பனி குறைந்துகொண்டே வருகிறது. அந்த இடங்களில் நகரமும் இல்லை. தார்ச்சாலையும் இல்லை.

மூன்று சாட்சிகளும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு பேசவில்லை. தனித்தனியே பேசினார்கள். மூவரும் ஒன்றையே சொன்னார்கள். நீதிமன்றத்தில் இத்தகைய சாட்சிக்குத்தான் வலு அதிகம்.

பூமி சூடாகிறது. அது உறுதியாயிற்று. யாரால்?

காற்றுப் போர்வை

பூமியைச் சுற்றிக் காற்று இருக்கிறது. அதில் கரியமில வாயு சிறிதளவு உண்டு. சூரிய ஒளி காற்றைக் கடந்து தரைக்கு வரும். தரை சூடாகும். அந்தச் சூடு மீண்டும் வானத்துக்குப் போகும். அப்போது கரியமில வாயு அதில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். போர்வை போர்த்தியது போல் இருக்கும்.

இந்தப் போர்வை நல்லதுதான். இத்தகைய வாயுக்களே இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பம் பூஜ்யத்துக்கும் கீழே 18 டிகிரியாக இருக்கும். எல்லாம் உறைந்துவிடும். ஆனால் போர்வை தடித்தால் புழுக்கம் கூடும்.

இது நேற்று வந்த யோசனை அல்ல. 1856இல் அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் ஃபூட் கண்ணாடிக் குழாய்களில் வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்தார். கரியமில வாயு உள்ள குழாய் அதிகம் சூடானதைக் கண்டார். 1859இல் ஜான் டிண்டால் இந்த வாயு வெப்பத்தைப் பிடிப்பதை அளந்து காட்டினார். 1896இல் சுவீடன் நாட்டின் அரேனியஸ், கரியமில வாயு கூடினால் பூமி சூடாகும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்.

கரியமில வாயு கூடியிருக்கிறதா? தென்துருவப் பனியில் பழைய காற்று சிறு குமிழ்களாகச் சிக்கியிருக்கிறது. பனியைத் துளைத்து எடுத்து அந்தக் காற்றை அளந்தார்கள். தொழிற்சாலைகள் பெருகும் முன் 10 லட்சம் பங்கு காற்றில் 280 பங்கு இருந்தது. 1958இல் ஹவாய்த் தீவின் மலையில் சார்லஸ் கீலிங் நேரடியாக அளக்கத் தொடங்கினார். அப்போது சுமார் 315 பங்கு. இப்போது 420 பங்கைத் தாண்டிவிட்டது. கடந்த 8 லட்சம் ஆண்டுகளின் பனிப்பதிவில் அது 300 பங்கைத் தாண்டியதே இல்லை.

“10 லட்சத்தில் 420 பங்கு என்ன செய்துவிடும்?” என்று தோன்றலாம். ஒரு பானைப் பாலுக்கு உறைமோர் எவ்வளவு ஊற்றுகிறோம்? ஒரு கரண்டிதான். விடிந்தால் பானை முழுதும் தயிர்.

அந்த வாயு எங்கிருந்து வந்தது? நிலக்கரியும் பெட்ரோலும் பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தவை. புதிய மரத்தில் இருக்கும் ஒரு வகைக் கரிமம் அவற்றில் இருக்காது. காலப்போக்கில் அழிந்திருக்கும். காற்றில் அந்த வகைக் கரிமத்தின் பங்கு குறைந்து வந்ததை 1950களிலேயே கண்டுபிடித்தார்கள். மண்ணுக்குள் இருந்ததை எடுத்து எரித்ததன் கைரேகை அது.

நான்காம் சாட்சி: தும்பாவின் ராக்கெட்

“சூரியனே கூடுதலாகக் காய்ந்தால்?” என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. இதற்குப் பதில் சொல்லும் சாட்சி திருவனந்தபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

தும்பா ஒரு மீனவக் கிராமம். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்துதான் இந்தியாவிலிருந்து ஏவிய முதல் விண்வெளி ஆய்வு ராக்கெட் கிளம்பியது. கிராமத்துத் தேவாலயமே ராக்கெட் விஞ்ஞானிகளின் பணிமனை ஆயிற்று. 1970 முதல் 1993 வரை அங்கிருந்து சோவியத் நாட்டின் வானிலை ராக்கெட்டுகள் வாரந்தோறும் கிளம்பின. கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர் உயரம் வரை சென்று காற்றின் வெப்பத்தை அளந்தன.

சூரியன்தான் காரணம் என்றால் கீழ்க்காற்றும் மேல்காற்றும் சேர்ந்து சூடாக வேண்டும். போர்வைதான் காரணம் என்றால் கீழே சூடாக வேண்டும், மிக உயரத்தில் குளிர வேண்டும். ஏனெனில் சூடு கீழேயே தங்கிவிடுகிறது. மிக மெல்லிய மேல்காற்றில் உள்ள கரியமில வாயு, தன் சூட்டை எளிதாக விண்வெளிக்கு விட்டுவிடுகிறது.

எது நடந்தது? தும்பா ராக்கெட்டுகளின் பதிவுகளை இந்திய விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். மிக உயரத்தில் காற்று குளிர்ந்து வந்ததைக் கண்டார்கள். உலகின் பிற இடங்களிலும் இதையே கண்டார்கள். 1970களின் கடைசியிலிருந்து செயற்கைக்கோள்கள் சூரியனின் வலுவை நேரடியாக அளக்கின்றன. அது கூடிக்கொண்டே போகவில்லை.

ஆக, சூரியன் குற்றவாளி அல்ல. பல நாட்டு விஞ்ஞானிகள் கூடிய ஐ.நா. குழு 2021இல் தன் முடிவைச் சொன்னது. மனிதர்களின் செயலால் காற்றும் கடலும் நிலமும் சூடாகியுள்ளன, இதில் ஐயமில்லை என்பதே அந்த முடிவு.

யாருக்குச் சுமை?

இந்தியர் ஒருவர் வெளியிடும் வாயு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. மூட்டை தூக்குபவருக்குக் கார் இல்லை. ஏ.சி. இல்லை. ஆனால் வெயில் முதலில் அவர் தலையில்தான் இறங்குகிறது. மீனவர் எந்த ஆலையையும் நடத்தவில்லை. ஆனால் கடல் முதலில் அவர் வீட்டைத்தான் இடிக்கிறது.

ஆனாலும் அவர்கள் கைகட்டி நிற்கவில்லை. 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. ஒக்கியில் உறவுகளைப் பறிகொடுத்த அதே கடற்கரை மீனவர்கள் லாரிகளில் படகுகளை ஏற்றிச் சென்றார்கள். முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார்கள்.

நாம் என்ன செய்யலாம்? முதலில் உயிரைக் காக்க வேண்டும். கோடைக் காலத்தில் வெயிலில் வேலை செய்வோருக்குப் பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு தரக் கேரளத் தொழிலாளர் துறை ஒவ்வோர் ஆண்டும் உத்தரவிடுகிறது. அது சலுகை அல்ல, உரிமை. கேட்டுப் பெற வேண்டும். கடலுக்குப் போகுமுன் வானிலை மையத்தின் எச்சரிக்கையை வாசிக்க வேண்டும்.

அடுத்து, போர்வை மேலும் தடிக்காமல் தடுக்க வேண்டும். மரம் நடுவதும் மின்சாரத்தை மிச்சம் செய்வதும் நல்லவை. ஆனால் பெரும்பங்கு நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதில் இருக்கிறது. அதைக் குறைப்பது அரசுகளும் பெரிய நிறுவனங்களும் செய்ய வேண்டிய வேலை. செய்ய முடியும். கொச்சி விமான நிலையம் 2015 முதல் சூரிய ஒளி மின்சாரத்தைக் கொண்டே தன் தேவையை ஈடுசெய்கிறது. அதிகம் எரித்த நாடுகள் அதிகப் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்பதும் நியாயமே.

மீண்டும் கடைத்தெருவில்

மறுவாரம் தொழிலாளி மளிகைக் கடைக்கு வந்தார். “அண்ணாச்சி, சாட்சி கேட்டீங்களே. ஒன்றல்ல, நாலு சாட்சி இருக்கு” என்றார். வெப்பமானி, கடல், பனி, தும்பா ராக்கெட் என்று விரல்விட்டு எண்ணினார்.

கடைக்காரர் முழுதும் கேட்டார். “அப்படியானால் எங்க அப்பா சொன்னது?” என்றார்.

“அவர் சொன்னது ஞாபகம் அண்ணாச்சி. ஞாபகத்தை நம்பாதே, நோட்டைப் பார் என்று நீங்கதானே எனக்குக் காட்டினீங்க?”

கடைக்காரர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மேசைக்கடியிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்தார். “இதைக் கொண்டுபோ தம்பி. உங்க மையத்தில் மழையையும் வெயிலையும் எழுதி வையுங்க. நாளைக்கு யாராவது கேட்டால் நம்மிடமும் சாட்சி இருக்கட்டும்.”

தொழிலாளி நோட்டை வாங்கினார். முதல் பக்கத்தில் அன்றைய தேதியை எழுதினார்.

நினைவில் கொள்வோம்

1. ஒரு நாள் வெயில் சாட்சி ஆகாது. பல ஆண்டுப் பதிவே சாட்சி.
2. வெப்பமானி, கடல், பனி, மேல்காற்று ஆகிய நான்கும் தனித்தனியே ஒரே உண்மையைச் சொல்கின்றன.
3. நிலக்கரி, பெட்ரோல், டீசல் ஆகியவற்றை எரிப்பதே பூமி சூடாவதற்கு முக்கியக் காரணம்.
4. குறைவாக எரித்தவர்களே அதிகம் துன்பப்படுகிறார்கள்.

கலந்து பேசுவோம்

1. உங்கள் ஊரில் கிணற்றுநீர், மழைக்காலம், மீன்வரத்து இவற்றில் மாற்றம் உண்டா? அதற்கு எழுதிய கணக்கு யாரிடமாவது இருக்கிறதா?
2. நகரத்து வெப்பமானியை மட்டும் நம்பக் கூடாது என்று ஏன் சொல்கிறோம்?
3. உங்கள் பகுதியில் பகல் ஓய்வு உத்தரவு நடைமுறையில் இருக்கிறதா? இல்லையென்றால் யாரிடம் மனு கொடுப்பது?

செய்து பார்ப்போம்

ஒரு சிறிய கண்ணாடிப் பாட்டிலில் விளிம்பு வரை மை கலந்த நீரை ஊற்றுங்கள். மூடியில் துளையிட்டு, மெல்லிய குழாய் ஒன்றைச் செருகுங்கள். இடைவெளியை மெழுகால் அடையுங்கள். குழாயில் நீர் நிற்கும் இடத்தைக் குறியுங்கள். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். சிறிது நேரம் கழித்துப் பாருங்கள். நீர்மட்டம் எங்கே நிற்கிறது? கடல்மட்டம் உயர்வதோடு இதை ஒப்பிட்டு நான்கு வரி எழுதுங்கள்.

சொல்லும் பொருளும்

காலநிலை – ஓரிடத்தின் பல ஆண்டு வானிலையின் சராசரி
பனியாறு – மலையில் ஆறு போல் மெல்ல நகரும் பனி
கரியமில வாயு – பொருள்கள் எரியும்போதும் நாம் மூச்சு விடும்போதும் வெளிவரும் வாயு
கள்ளக்கடல் – காற்றோ மழையோ இல்லாதபோதும் திடீரென்று கரையேறும் பெரிய அலை